மூணு பிள்ளைங்க, ஒரே மாடல் இயர் மஃப்: 14 மாசம் கழிச்சு எழுதுறேன்

எங்க வீட்டுல மூணு பிள்ளைங்க, மூணு பேருக்கும் ஆட்டிசம். பெரியவனுக்கு 14, நடுவுல பொண்ணுக்கு 10, சின்னவனுக்கு 6. வெளிய போகும்போது பெரியவன் தலையில எப்பவும் ஒரு இயர் மஃப் (காதை மூடி சத்தத்தைக் குறைக்கிற பொருள்) இருக்கும், அதைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அது என்ன, எது வாங்கலாம், போட்டா அழுகை நிக்குமா, எங்க பிள்ளைக்கும் ஒத்து வருமான்னு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். நீளமாத்தான் போகும், ஏன்னா பொருள் ஒண்ணுதான், ஆனா எங்க வீட்டுல ஒருத்தனுக்கு அது இல்லாம வெளிய கால் வைக்க முடியல, ஒருத்தி அதை நாங்க நினைச்சே பார்க்காத காரணத்துக்குப் போட்டுக்கறா, ஒருத்தனுக்கு அது சுத்தமா ஆகல.

இது எங்க காசுல வாங்கினது, யாரும் அனுப்பிக் குடுக்கல. கம்பெனி பேர் போடப் போறதில்ல, ஏன்னா இதே அமைப்புல பல கம்பெனி விக்குது, என்ன பார்த்து வாங்கணும்னு தெரிஞ்சா எதை வேணும்னாலும் வாங்கலாம். குறையும் நிறைய எழுதப் போறேன்.

முதல்ல இது ஹெட்போன் இல்ல. பாட்டு வராது, பேட்டரி கிடையாது, சார்ஜ் போட வேண்டாம். ரெண்டு பிளாஸ்டிக் கப், உள்ள ஃபோம், காதைச் சுத்தி குஷன், மேல ஒரு ஹெட்பேண்ட், அவ்வளவுதான். பட்டறையில மெஷின் பக்கத்துல நிக்கிறவங்க மாட்டிக்கறாங்கல்ல, அதோட சின்ன சைஸ். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்னு விக்கிறது வேற, அதுக்குள்ள மைக் இருக்கும், வெளிய வர்ற சத்தத்தைக் கேட்டு அதுக்கு எதிரான அலையைப் போட்டு அடக்கும். கடையில ரெண்டையும் ஒரே பேர் சொல்லித்தான் குடுக்கறாங்க, வாங்கறவங்க குழம்பிப் போறதே இங்கதான். நாய்ஸ் கேன்சலிங் நல்லா அடக்குறது ஃபேன், பஸ் இன்ஜின், ஏசி மாதிரி ஒரே சீரா வர்ற தாழ்ந்த இரைச்சலை. திடீர்னு பலூன் வெடிக்கிறது, நாய் குரைக்கிறது, குழந்தை வீல்னு கத்துறது, இதுக்கெல்லாம் அந்த மைக் வேலை அவ்வளவா உதவாது. சாதாரண இயர் மஃப் அப்படியே தலைகீழ், கீச்சுன்னு வர்ற சத்தத்தை நல்லா தடுக்கும், இன்ஜின் உறுமலைக் கொஞ்சம்தான் குறைக்கும். அதனால பிள்ளைக்கு எந்தச் சத்தம் ஆகலன்னு ஒரு ரெண்டு வாரம் உட்கார்ந்து எழுதி வைங்க, அப்புறமா கடைக்குப் போங்க. நாங்க அப்படி செய்யல. முதல்ல பெரிய ஹெட்போன் ஒண்ணு வாங்கி, பெரியவனுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லாம, அப்புறம்தான் இதுக்கு வந்தோம். அவனுக்கு ஆகாத சத்தம் பூரா திடீர்னு வர்றது, கீச்சுன்னு இருக்கிறது, குறிப்பா பொது பாத்ரூம்ல கை காய வைக்கிற மெஷின்.

அந்த மெஷினைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கனடாவுல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு தனக்கும் மத்த பிள்ளைங்களுக்கும் அந்தச் சத்தத்துல காது வலிக்குதுன்னு சொல்லி, தானே கருவியை எடுத்துட்டுப் போய் அளந்து, 2019-ல அது ஒரு குழந்தை மருத்துவ இதழ்ல கட்டுரையாவே வந்துச்சு. பிள்ளைங்களோட காது இருக்கிற உயரத்துல சில மெஷின் 100 டெசிபலைத் தாண்டுச்சு. அதைப் படிச்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏன்னா அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா அவன்கிட்ட "ஒண்ணும் இல்லடா, சும்மா காத்துதான்"னு சொல்லிட்டு இருந்திருக்கேன். அவன் சொன்னது உண்மை, எங்களுக்கும் சத்தமாத்தான் இருக்கும், எங்க காது உயரத்துல கொஞ்சம் குறைவு, எங்க மூளை அதைத் தள்ளி வச்சிடுது, அவன் மூளை தள்ளாது.

டப்பாவுல எஸ்.என்.ஆர் 25னு போட்டிருந்துச்சு, எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும்னு சொல்ற நம்பர் அது. சில நாட்டுப் பொருள்ல என்.ஆர்.ஆர்னு இருக்கும், ரெண்டும் வேற வேற கணக்கு, அதனால ஒண்ணோட நம்பரை இன்னொண்ணோட நம்பர்கூட வச்சுப் பார்த்து இது பெருசு அது சின்னதுன்னு முடிவு பண்ணாதீங்க. 25 டெசிபல்னா என்னன்னா, 10 டெசிபல் குறைஞ்சா நம்ம காதுக்கு ஏறக்குறைய பாதி சத்தமா தெரியும். மிக்ஸி பக்கத்துல போன் ஆப் வச்சுப் பார்த்தேன், 88 காட்டுச்சு. போன் ஆப் அவ்வளவு துல்லியமா இருக்காது, சும்மா ஒரு கணக்குக்கு. அதுல 25 போனா 63, அதாவது ரெண்டு பேர் பக்கத்துல உட்கார்ந்து பேசுற அளவு. ஆனா டப்பா நம்பர் லேப்ல எடுத்தது, சரியா பொருந்தின தலையில எடுத்தது. வீட்டுல அவ்வளவு கிடைக்காது. பெரியவன் கண்ணாடி போடுவான், கண்ணாடிக் காம்பு குஷனுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி விடும், அந்த இடுக்குல சத்தம் நுழைஞ்சுடும். காம்பு மெலிசா இருக்கிற கண்ணாடிக்கு மாத்தின பிறகு நல்லாவே வித்தியாசம் தெரிஞ்சுது, அதை அவனேதான் சொன்னான். முடி அடர்த்தியா இருந்தாலும் இதே பிரச்சனை, குஷன் வைக்கும்போது காதைச் சுத்தி முடியை ஒதுக்கிடுங்க.

சரி, வந்தவுடனே என்ன ஆச்சுன்னா, ரொம்ப இறுக்கம். புதுசுல அந்த ஹெட்பேண்ட் தலையை ரெண்டு பக்கமும் புடிச்சு அமுக்குற மாதிரி இருந்துச்சு, அவன் 20 செகண்ட்ல கழட்டி வச்சுட்டான். புது பிளாஸ்டிக் வாசனை வேற. அப்புறம் ரெண்டு மூணு தடியான புஸ்தகத்தை அடுக்கி அதுமேல ராத்திரி பூரா விரிச்சு மாட்டி வச்சோம், நாலஞ்சு நாள், ஜன்னல் பக்கம் காத்தாட. கொஞ்சம் லூசாச்சு. ரொம்ப லூசானா சத்தம் உள்ள வந்துடும், அதனால நிதானமா பண்ணுங்க.

எங்க ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைங்களைப் பழக்கறவங்க) சொன்ன ஒரு விஷயம்தான் எங்களுக்கு எல்லாத்தையும் காப்பாத்துச்சு. சத்தம் வந்து பிள்ளை அழுதுட்டு இருக்கும்போது இதைக் கொண்டு போய் தலையில மாட்டாதீங்கன்னு சொன்னாங்க. அந்த நேரத்துல யாரோ பின்னாடி இருந்து தலையைப் புடிச்சு எதையோ மாட்டுறாங்கன்னா பயம் இன்னும் கூடும், அப்புறம் அந்தப் பொருளைப் பார்த்தாலே அழுகைதான் ஞாபகம் வரும். வீடு அமைதியா இருக்கும்போது, அவன் சந்தோஷமா இருக்கும்போது, முதல்ல நான் போட்டுக்கிட்டேன், அப்புறம் அவர் போட்டுக்கிட்டார், அப்புறம் பொம்மைக்குப் போட்டோம், அப்புறம் சும்மா சோபா மேல வச்சுட்டோம். மூணாவது வாரம் அவனே எடுத்தான். இப்ப வாசக் கதவுகிட்ட ஒரு கொக்கி இருக்கு, அவன் கைக்கு எட்டுற உயரம், அதுலதான் தொங்கும். போடணுமா வேண்டாமான்னு அவன் முடிவு, கழட்டறதும் அவன் முடிவு. இந்த ஒண்ணை மட்டும் யாரும் மாத்தக் கூடாதுன்னு வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கோம்.

இதனால அவன் வாழ்க்கையில என்ன மாறுச்சுன்னா, முன்னாடி ஒரு பெரிய கடைக்குள்ள போனா 10 நிமிஷம், அதுக்கப்புறம் நாங்க பொருளை அப்படியே விட்டுட்டு வெளிய ஓடி வரணும். இப்ப 40 நிமிஷம் நிக்கிறான், லிஸ்ட் அவன் கையிலதான் இருக்கும், ஒவ்வொண்ணா அவன்தான் டிக் அடிப்பான். பொது பாத்ரூம் போறதுக்கு 7 வருஷமா பயந்தவன், வெளிய போனா தண்ணியே குடிக்க மாட்டான், அடக்கி அடக்கி வச்சு வயித்து வலி வரைக்கும் போயிருக்கு, அவன் இப்ப வாசல்ல நின்னு மாட்டிக்கிட்டு தனியா உள்ள போய்ட்டு வர்றான். எனக்கு இந்த ஒண்ணு போதும். இதுக்காகவே இன்னும் நாலு முறை உடைஞ்சாலும் வாங்குவேன்.

எல்லாத்தையும் இது சரி பண்ணாது, அதையும் சொல்லணும். பஸ் இன்ஜின் பக்கத்து சீட்ல உட்கார்ந்தா அவனுக்கு இப்பவும் கஷ்டம்தான், அந்த அதிர்வு உடம்பு வழியா வருது, காதை மூடி என்ன பண்றது. கூட்டம், வெளிச்சம், வாசனை, திட்டம் திடீர்னு மாறறது, இதுல எதுக்கும் இயர் மஃப் மருந்து இல்ல. மெல்ட்டவுன் (தாங்க முடியாம கட்டுப்பாடு போய் அழுது கத்துறது) நிக்குமான்னு கேக்கறவங்களுக்கு என் பதில், காரணம் சத்தமா இருந்தா குறையும், வேற காரணமா இருந்தா ஒண்ணும் ஆகாது.

பொண்ணுக்கு வர்றேன். நான் இவ்வளவு நீளமா எழுத காரணமே அவதான்.

ஒரே வீட்டுல ஒண்ணுக்கு மேல ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க இருந்தா வெளிய யாருக்கும் தெரியாத ஒரு பிரச்சனை இருக்கு. ஒருத்தரோட ஸ்டிம் (தன்னை நிதானப்படுத்திக்க திரும்பத் திரும்ப செய்யற அசைவு, போடுற சத்தம்) இன்னொருத்தருக்கு தாங்க முடியாத சத்தம். எங்க பொண்ணு சந்தோஷமா இருந்தா, பதட்டமா இருந்தாலும், ம்ம்ம்ம்னு ஆரம்பிச்சு அது அப்படியே ஏறி கீச்சுன்னு ஒரு உச்சத்துக்குப் போய் நிக்கும். அது அவளுக்கு வேணும், அதுலதான் அவ தன்னை நிதானப்படுத்திக்கறா. அதே சத்தம் பெரியவனுக்கு ஊசி குத்தற மாதிரி. அவன் "நிறுத்து நிறுத்து"ன்னு கத்துவான், அவன் கத்துறதுல சின்னவன் பயந்து மேஜைக்கு அடியில போயிடுவான், அவ இன்னும் பதட்டமாகி இன்னும் உரக்க ஆரம்பிப்பா. ஒரு ஆளுக்குத் தேவையானதை இன்னொரு ஆளுக்காக நிறுத்தச் சொல்றது எப்படி? எத்தனையோ நாள் நான் அவகிட்ட "மெதுவாம்மா, அண்ணாவுக்கு வலிக்குது"ன்னு சொல்லியிருக்கேன், அவ கையால வாயைப் பொத்திக்கிட்டு உடம்பு நடுங்க உட்கார்ந்திருப்பா. அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஆறாது. நான் கேட்டது தப்பு. அண்ணன் காதை மூடிக்க வழி இருக்கும்போது தங்கச்சி வாயை மூடச் சொல்லியிருக்கக் கூடாது.

சொந்தக்காரங்க சில பேர் கேப்பாங்க, அவனே இவ்வளவு கத்துறானே, அவனுக்கா சத்தம் ஆகலன்னு. 1943-ல லியோ கேன்னர்ங்கிற டாக்டர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைங்களைப் பத்தி எழுதின கட்டுரையிலயே இது இருக்கு. வாக்குவம் கிளீனர், லிஃப்ட், ஓடுற தண்ணி, சில நேரம் காத்துக்குக்கூட அந்தப் பிள்ளைங்க பயந்தாங்க, ஆனா அதே பிள்ளை தான் பயப்படுற சத்தம் அளவுக்கு தானே சந்தோஷமா சத்தம் போடும்னு அவர் கவனிச்சிருக்கார். நாமளா போடுற சத்தம் எப்ப வரும்னு நமக்குத் தெரியும், அடுத்தவங்க போடுறது எப்ப வந்து மோதும்னு தெரியாது, என் பிள்ளைங்களைப் பார்த்து நான் புரிஞ்சுக்கிட்டது அது. அவ்வளவு முன்னாடியே ஒருத்தர் எழுதி வச்சும், ஒலி ஒளி தொடுதல் விஷயத்தை ஆட்டிசத்தோட அடையாளத்துல ஒண்ணா சேர்த்தது 2013-ல வந்த டி.எஸ்.எம் 5-லதான் (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோயறிதல் கையேடு). பெரியவன் பொறந்த காலத்தை ஒட்டித்தான் அந்த மாத்தமே வந்துச்சு. அதனாலதான் வீட்டுப் பெரியவங்களுக்கு இது புரியலன்னா நான் கோவப்படறதில்ல, உட்கார்ந்து சொல்றேன்.

பெரியவன் இயர் மஃப் போட ஆரம்பிச்ச பிறகு அவளை நாங்க அடக்கறதை விட்டுட்டோம். அவ உச்சத்துக்குப் போறான்னு தெரிஞ்சா அவன் எழுந்து போய் கொக்கியில இருந்து எடுத்து மாட்டிக்கிட்டு திரும்பி வந்து அதே இடத்துல உட்கார்ந்து படிப்பான். சண்டை இல்ல. முதல் தடவை அது நடந்தப்போ நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், பேச்சே வரல.

ஆனா நாங்க எதிர்பார்க்காதது என்னன்னா, ஒரு நாள் அவ போய் அண்ணனோடதை எடுத்துப் போட்டுக்கிட்டா. அவளுக்கு வெளிச்சத்தம் பிரச்சனையே இல்ல, இன்னும் கேட்டா சத்தத்தைத் தேடிப் போவா. எதுக்குப் போட்டுக்கறான்னு புரியல. போட்டுக்கிட்டு ம்ம்ம்ம்னு ஆரம்பிச்சா, கண்ணு மூடி, முகம் அப்படியே மலர்ந்து போச்சு. நீங்களும் காது ரெண்டையும் உள்ளங்கையால பொத்திக்கிட்டு முணுமுணுத்துப் பாருங்க, உங்க குரல் தலைக்குள்ள முழங்கும். எலும்பு வழியா வர்ற சத்தம் வெளிய போக முடியாம உள்ளயே தங்கறதால அப்படி. அவளுக்கு அது வேணும், அவ்வளவு நாளா அதைத்தான் தேடியிருக்கா. வெளிய கேக்கற அளவுக்கு உரக்கப் போட்டாத்தான் தனக்குள்ள போதுமான அளவு கிடைச்சுது போல. இப்ப தனக்குன்னு ஒண்ணு இருக்கு, போட்டுக்கிட்டு மெதுவா முணுமுணுத்தாலே அவளுக்குப் போதுது, கீச்சு பாதியா குறைஞ்சிருக்கு. யாரும் குறைக்கச் சொல்லல. இதை எந்தக் கம்பெனி டப்பாவுலயும் நான் பார்த்ததில்ல. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன், எங்க பொண்ணுக்கு ஆச்சு.

சின்னவனுக்கு ஆகல. அவனுக்குத் தலையில எதுவும் படக் கூடாது, தொப்பி கிடையாது, முடி வெட்டறதே பெரிய பாடு. மேல சொன்ன மாதிரி பொறுமையா 5 மாசம் வச்சுப் பார்த்தோம், துணி பட்டையில தைச்ச மாடல் ஒண்ணு வாங்கிப் பார்த்தோம், அதுவும் வேண்டாம்னுட்டான். நாலாவது மாசம் அவன் இழுத்ததுல அண்ணனோடது மடங்குற மூட்டுகிட்ட உடைஞ்சே போச்சு. அவனுக்கு மேஜைக்கு அடியில ஒரு இடம் பண்ணிக் குடுத்திருக்கோம், கனமான திரை, மெத்தை, அங்க போயிடுவான். அதுதான் அவனுக்கு இயர் மஃப். உங்க பிள்ளைக்கும் ஆகலன்னா விட்டுடுங்க, பழகிடும் பழகிடும்னு கட்டாயப்படுத்தாதீங்க, தலையில தொட்டாலே வலின்னு இருக்கிற பிள்ளைக்கு சத்தத்தைக் குறைக்க இன்னொரு வலியைக் குடுக்கறதுல என்ன இருக்கு.

உடைஞ்சதைப் பத்தி சொல்லணும்ல. இதோட பெரிய குறையே அந்த மடங்குற மூட்டு. பையில வைக்க வசதின்னு மடங்குற மாதிரி பண்ணியிருக்காங்க, அந்த இடத்துல பிளாஸ்டிக் மெலிசு. உடைஞ்சதும் போட்டோ கேட்டாங்க, அனுப்பினோம், பில் கேட்டாங்க, அனுப்பினோம், மறுபடி வேற கோணத்துல போட்டோ கேட்டாங்க. மாத்திக் குடுக்க 7 வாரம் ஆச்சு. அந்த 7 வாரம் எங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு அந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுல இருந்து வீட்டுல எப்பவும் ஒண்ணு கூடுதலா வச்சிருக்கோம், அதே மாடல், அதே கலர், அதே இறுக்கத்துக்கு முன்னாடியே விரிச்சு வச்சது. கலர் மாறினா பெரியவன் போட மாட்டான், அதனால மாடலை நிறுத்திடுவாங்களோன்னு எனக்கு ஒரு பயம் இருக்கு. மடங்காத மாடல் கிடைச்சா அதையே வாங்குங்க.

குஷன் வேர்வையில உரியும். வெயில் நேரத்துல அரை மணிக்கு மேல போட்டா காதைச் சுத்தி ஈரமாகி சிவந்து போகுது, நடுவுல கழட்டித் துடைக்கணும். 10-வது மாசம் ஒரு பக்கம் வெடிச்சு ஃபோம் தெரிஞ்சுது, அப்படி ஆனா சத்தம் தடுக்கறதும் குறைஞ்சிடும். தினமும் போடுறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது குஷன் மாத்தணும், அதனால வாங்கும்போதே குஷன் தனியா கிடைக்குமான்னு கேட்டுக்கங்க, எங்களுக்குக் கிடைச்சுது. இ.என் 352 (காதைப் பாதுகாக்கிற பொருளுக்கான ஐரோப்பியத் தரம்) மாதிரி ஏதாவது தர முத்திரை டப்பாவுல இருக்கான்னு பாருங்க, அது இல்லாத விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதை எஸ்.என்.ஆர் நம்பரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அப்புறம், அதே கம்பெனி இதே கப், இதே குஷன், இதே நம்பர் போட்டு ஆட்டிசம் பிள்ளைங்களுக்குன்னு தனி டப்பாவுல கூடுதல் விலைக்கு விக்குது. ரெண்டையும் வச்சுப் பார்த்தோம், டப்பா மட்டும்தான் வேற. சாதாரணமா பிள்ளைங்களுக்குன்னு வர்றதையே வாங்குங்க. ஏற்கனவே தெரபிக்கும் டாக்டருக்கும் செலவு பண்ற குடும்பத்துக்கிட்ட இப்படி பண்றது எனக்கு மனசு ஆறவே இல்ல.

இதை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடியாலஜிஸ்ட்கிட்ட (காது கேக்கறதைப் பரிசோதிக்கறவர்) காட்டிடுங்க. காதுல வேற ஏதாவது இருக்கான்னு தெரிஞ்சுக்காம காதை மூடக் கூடாது. அதோட நாள் பூரா போட விடாதீங்க. 2003-ல ஒரு ஆய்வு வந்துச்சு, நல்லா காது கேக்கற ஆளுங்களை 2 வாரம் காது அடைப்பான் போட்டுக்கச் சொன்னாங்க, கழட்டின பிறகு அவங்களுக்கு சத்தம் எல்லாம் முன்னைவிட அதிகமா தெரிஞ்சுது. மூளை உள்ள வர்றது குறைஞ்சதும் வால்யூமை ஏத்தி வச்சுக்குது. எங்க ஆடியாலஜிஸ்ட் சொன்னதும் அதேதான், சத்தம் இருக்கிற நேரம் போடட்டும், அமைதியான வீட்டுல, தூங்கும்போது வேண்டாம். பெரியவன்கிட்ட அந்த ஆய்வையே படிக்கக் குடுத்தோம், படிச்சுட்டு ஒரு அட்டவணை போட்டு ஒட்டி வச்சிருக்கான், எங்க போடணும் எங்க போடக் கூடாதுன்னு. ரோடு கடக்கும்போது கழுத்துல இறக்கி விட்டுக்கணும்ங்கிறதும் அதுல இருக்கு, ஹார்ன் கேக்கணும்ல.

போட்டா எப்படி இருக்கும், போடாட்டி எப்படி இருக்கும்னு வீடியோ போடுங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. போட மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

நாங்க வீட்டு விஷயத்தை வெளியில பேச ஆரம்பிச்சு 5 வருஷம் ஆச்சு. ஆரம்பிச்சது நல்ல மனசோடதான். இருக்கறது எங்க குடும்பம் மட்டும்தானோன்னு அவ்வளவு தனிமையா இருந்துச்சு, இன்னொரு அம்மாவாவது பார்த்து, ஓ நம்ம வீடு மாதிரியேன்னு மூச்சு விடட்டும்னு நினைச்சோம். அப்ப பெரியவனுக்கு 9. அந்த கை காய வைக்கிற மெஷின் சத்தத்துல அவன் பாத்ரூம் வாசல்ல தரையில உருண்டு அழுததை நான் போன்ல எடுத்தேன். இப்ப எழுதும்போது கை நடுங்குது, அந்த நேரத்துல நான் அவன்கூட தரையில உட்கார்ந்திருக்கணும், நான் போனைப் புடிச்சுட்டு நின்னேன். மக்களுக்குப் புரியணும்னு போட்டேன். நிறைய பேர் பார்த்தாங்க, நிறைய பேர் அழுதோம்னு எழுதினாங்க, நன்றி சொன்னாங்க. 3 வருஷம் கழிச்சு அவன் கூடப் படிக்கிற ஒரு பையன் அதை அவன்கிட்ட காட்டியிருக்கான். வீட்டுக்கு வந்து எங்கிட்ட பேசல. ரொம்ப கஷ்டமான நேரத்துல அவனுக்குப் பேச்சு வராது, டேப்லட்ல டைப் பண்ணுவான். "அது நான். நீ கேக்கல. எடு." அவ்வளவுதான் இருந்துச்சு. அன்னைக்கே எடுத்துட்டோம், ஆனா அதுக்குள்ள யார் யாரோ எடுத்து வச்சுக்கிட்டாங்க, அதை எங்களால திரும்ப வாங்க முடியல.

அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். உடனே சரின்னு சொல்லல, ஒரு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு முறை வச்சிருக்கோம், அழுகை, மெல்ட்டவுன், பாத்ரூம், உடம்பு சரியில்லாதது, இதெல்லாம் படமா வெளிய போகவே போகாது. பேர் போகாது, பள்ளிக்கூடம் போகாது. எழுதறதா இருந்தா பெரியவன் பத்தினதை அவன் படிச்சு சரி சொல்லணும். பொண்ணுகிட்ட படத்தைக் காட்டி ஆமாவா வேண்டாமான்னு கார்டு எடுக்கச் சொல்லுவோம், தட்டி விட்டா வேண்டாம்னு அர்த்தம். சின்னவனுக்கு இன்னும் அதை சொல்ற வயசு வரல, அதனால அவன் முகம் வராது.

போன வருஷம் இதே மாதிரி பொருள் விக்கிற வேற ஒரு கம்பெனியில இருந்து பேசினாங்க. மூணு பேருக்கும் இலவசமா அனுப்புறோம், முதல்ல போடாம சத்தத்துல பிள்ளை இருக்கிற மாதிரி 15 செகண்ட், அப்புறம் போட்டதும் அமைதியாகிற மாதிரி 15 செகண்ட், அவ்வளவு போதும்னாங்க. அந்த முதல் 15 செகண்டுக்கு என் பிள்ளையை நான் வேணும்னே வலிக்க விடணும். போனை வச்சுட்டேன். அந்த மாதிரி முன் பின் வீடியோ போட்டு விக்கிறதை நீங்க பார்த்தா, அந்த முன் வீடியோ எப்படி எடுத்திருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்.

இன்னொரு கேள்வியும் எப்பவும் வருது, மூணு பேருக்குமா, எப்படி, நீங்க என்ன பண்ணினீங்கன்னு. நாங்க ஒண்ணும் பண்ணல. போன் பார்த்ததால இல்ல, தடுப்பூசியால இல்ல. தடுப்பூசிதான் காரணம்னு கிளப்பி விட்ட 1998 கட்டுரையை அந்த இதழே 2010-ல திரும்ப வாங்கிடுச்சு. அம்மா பாசமா இல்லாததாலன்னு ஒரு காலத்துல டாக்டர்களே சொன்னாங்க, அதுவும் பொய்ன்னு எப்பவோ ஆயிடுச்சு. குடும்பத்துல ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்து பொறக்கற பிள்ளைக்கும் இருக்க ஏறக்குறைய 5-ல 1 வாய்ப்புன்னு 2024-ல வந்த பெரிய ஆய்வு சொல்லுது, மேல ஒண்ணுக்கு அதிகமான பிள்ளைங்களுக்கு இருந்தா அது 3-ல 1-ஐத் தாண்டுது. அதனால எங்க மாதிரி வீடு அதிசயம் இல்ல, நிறைய இருக்கு, வெளிய சொல்றதில்ல. ஒரே ஜீன் சமாச்சாரம் ஓடுற மூணு பிள்ளைங்களுக்கே ஒரே இயர் மஃப் மூணு விதமா இருக்குன்னா, உங்க பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு என்னால எப்படி உறுதியா சொல்ல முடியும். அதான் யாராவது "வாங்கலாமா"ன்னு ஒத்தை வார்த்தையில கேட்டா எனக்கு பதில் சொல்லத் தெரியறதில்ல.

ஸ்டார் போடணும்னா, பெரியவனுக்கு 5-க்கு 4 (மூட்டு உடைஞ்சதுக்காக ஒண்ணு குறைச்சேன், அவன் 5-ன்னுதான் சொன்னான்). பொண்ணுக்கு 5. சின்னவனுக்கு போடல, அது பொருளோட தப்பும் இல்ல, அவன் தப்பும் இல்ல. அந்த 7 வாரத்துக்கு சர்வீஸுக்கு 1. இரவல் கிடைச்சா முதல்ல இரவல் வாங்கி வீட்டுல ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க, பல தெரபி சென்டர்ல இது இருக்கும், கேட்டா குடுப்பாங்க.

இதை பெரியவன்கிட்ட படிக்கக் குடுத்தேன், அவன் பத்தினது நிறைய இருக்கே. வீடியோ விஷயத்தை எழுதலாமான்னு தனியா கேட்டேன், "எழுது, டைப் பண்ணினதை மாத்தாம போடு"ன்னான், மாத்தல. பள்ளிக்கூடத்துல நடந்த ஒண்ணை எழுதியிருந்தேன், அந்த ரெண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துட்டேன். அவனோட இயர் மஃப் நீலக் கலர்னு ஒரு இடத்துல போட்டிருந்தேன், அது நீலம் இல்லம்மா, சாம்பலும் நீலமும் கலந்ததுன்னு டப்பாவைக் கொண்டு வந்து காட்டினான். சரிதான். வாங்கறவங்க அந்தக் கலரைப் பார்த்து வாங்குங்க, அந்த மாடல் நிக்காம இருக்கட்டும்.